யாரது என்று கேட்பவர்கள்

சினிமாவில் கொலையாகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கத்தியால் சாவதில்லை, இருட்டைப் பார்த்து "யாரது?" என்று கேட்டதால்தான் சாகிறார்கள் என்பது பல் டாக்டரின் முடிவான முடிவு. கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்ததும் தினம் ஒரு த்ரில்லர் படம், படுக்கும்வரை கொலை நாவல் என்று வாழ்கிறவர். அந்தத் துறையில் அவரை யாரும் மறுத்ததில்லை.

"அதோ, கேட்கப்போறா பாரு! வாயை மூடிக்கிட்டு வாசலைப் பார்த்து ஓடுவாளா? மாட்டா. அவளுக்கு அறிமுகம் வேணும்."

திரையில் ஒருத்தி மாடிப்படியில் கால் வைத்தாள். மனைவி வழக்கம்போல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தாள்.

"திகில் படத்தை ஊமைப்படமா பாக்கற ஒரே ஆள் நீதான்டி."

"எனக்குப் பயம் காதுலதாங்க. கண்ணு தைரியமாத்தான் இருக்கு."

படம் ஊமையாக ஓடியது. மின்விசிறி சுற்றியது, தெருவில் ஒரு பைக் போய் மறைந்தது, அதற்கெல்லாம் அடியில், மெத்தென்று, நிதானமாக, இன்னொரு சத்தமும் இருந்தது. தட்... தட்... தட்...

"என்னங்க, ஏதோ சத்தம் கேக்குதே."

"சத்தத்தை அணைச்சது நீதானே."

"அதனாலதான் கேக்கறேன்."

டாக்டர் டிவியையே நிறுத்தினார். தட்... தட்... மாடியிலிருந்து வந்தது. கூடவே ஒரு வாடையும் இறங்கியது. முகக்கவசத்தையும் மீறி மூக்கில் ஏறும், சீழ் வைத்த பல்லின் வாடை. ஒரு பல்லுக்கு இவ்வளவு வராது.

அவருடைய கால்கள், அவர் கொள்கைப்படியே, வாசல் பக்கம் திரும்பின.

"பாப்பா மேலதாங்க தூங்கறா," என்றாள் மனைவி. மத்தியானத்திலிருந்தே குழந்தைக்குக் காய்ச்சல்.

டாக்டர் மாடிப்படி ஏறினார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்தபடி வந்தாள். படிவிளக்கின் சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. வாடை கனத்தது. மூச்சுச் சத்தம். குழந்தையுடையது அல்ல. அதைவிடப் பெரியது.

மேல்படியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். முழுசாக, உயிரோடு. டாக்டருக்கு அழுகை வந்தது. அப்புறம்தான் அவள் மடியைப் பார்த்தார்.

மடி கொள்ளாமல் எதுவோ கிடந்தது. மீதி, அறைக்கதவுவரை நீண்டிருந்தது. பாப்பா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்... தட்...

"ஷ்... அப்பா, பேசாதீங்க," என்று கிசுகிசுத்தாள். "இப்பதான் தூங்குச்சு."

பின்னால் மனைவியின் பிடி நழுவியது. டாக்டர் பேசக்கூடாது என்றுதான் நினைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் வாய், யாருடையதோ போல, தானே திறந்தது. மெதுவாக, ரொம்ப மரியாதையாக வந்தது குரல்.

"யாரது?"

தட்டுகிற கை நின்றது.

பாப்பாவின் மடியில் ஒரு கண் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று.