அடக்கிய மூச்சு

இது அவருடைய மூச்சு இல்லை.

நர்ஸ் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐ.சி.யூ.வில் ஸ்பிரிட் வாடையும் ஈரத்துணி வாடையும் கலந்து நிற்கும் காலை நேரம். மயக்க மருந்தை முன்பே நிறுத்தியிருந்தார்கள். வென்டிலேட்டரின் உதவியையும் டாக்டர் வெகுவாகக் குறைத்துவிட்டார். இனி கட்டிலில் கிடக்கும் பஸ் டிரைவர் தானே மூச்சை இழுத்தால்தான் இயந்திரம் கொஞ்சம் காற்றுக் கொடுக்கும். சற்று நேரம் தாக்குப்பிடித்தால் தொண்டைக் குழாயை எடுத்துவிடலாம். இல்லையென்றால், இனி நம்பிக்கையில்லை என்று அவர் மனைவியிடம் சொல்லிவிடுவார்கள்.

திரையில் மூச்சுகள் ஒழுங்காக எழுந்தன.

"பாத்தீங்களா சிஸ்டர், இழுக்கறாரு!" மனைவி அவர் பாதத்தைப் பிடித்தபடி நின்றாள். "இவரு ஓட்டற பஸ் மாதிரிதான் இவரும். கிளம்பத்தான் அடம் பிடிப்பாரு. கிளம்பிட்டா நிக்க மாட்டாரு."

நர்ஸ் சிரித்தாள். ஆனால் விரல்கள் வென்டிலேட்டர் குழாயைத் தடவிக்கொண்டிருந்தன. உள்ளே தேங்கிய நீர் அசைந்தாலே இயந்திரம் ஏமாந்து, அதை நோயாளியின் மூச்சென்று எண்ணிக்கொள்ளும். நீரை வடித்தாள். இணைப்பு ஒவ்வொன்றிலும் கசிவு தேடினாள். ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டே இருந்தது, பழகிய மூச்சு போல, எங்கோ கேட்ட தாளத்தில்.

மருந்து எடுக்க ஓடிப்போய்த் திரும்பியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. திரையிலும் வாங்கியது. அவள் ஆசுவாசப்பட, அதுவும் தணிந்தது.

தற்செயல்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மூச்சை அடக்கினாள்.

கோடு படுத்தது. அவர் மார்பு நின்றது. காதுக்குள் தன் ரத்தம் இரைவது மட்டும். பிறகு அலாரம்.

"ஐயோ, என்னாச்சு?"

அவள் மூச்சை இழுத்தாள். அவர் மார்பு எழுந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

டாக்டர் வந்து அவர் காதருகே குனிந்தார். "எங்க, ஒரு தடவ இருமுங்க பாப்போம்."

அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. இருமினாள். அவரும் இருமினார்.

"பாஸாயிட்டாருப்பா! குழாய எடுத்துடலாம், சிஸ்டர்."

சொல்ல வாயெடுத்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்தாள். குழாயைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள்.

குழாய் வெளியே வந்தது. இயந்திரம் அணைந்தது. அந்த அமைதியில் இரண்டு மூச்சுகள் ஒன்றாகக் கேட்டன.

அவர் கண்கள் பாதி திறந்திருந்தன. உள்ளே யாரும் இல்லை.

அவளுக்கு விம்மல் முட்டிக்கொண்டு வந்தது. அவர் மார்பும் விம்மியது.

"அழறாரு சிஸ்டர்! என்னைத் தெரிஞ்சிடுச்சு அவருக்கு!"

அடுத்த ஷிப்டுக்கு வந்த நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, உங்க முகமே சரியில்ல. நான் பாத்துக்கறேன். வீட்டுக்குப் போங்க, பாப்பா காத்துட்டிருக்கும்ல?"

காத்துக்கொண்டிருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஓரடி பின்வைத்தாள். அவர் மூச்சு மெலிந்தது.

இன்னோர் அடி. இழையானது.

திரும்பி வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகல," என்றாள், மெல்ல.

கட்டிலில் காய்ந்த உதடுகளும் அதையே சொல்வதுபோல் அசைந்தன. மனைவி முகம் மலர்ந்து குனிந்து, தன் காதை அவற்றின்மேல் வைத்தாள்.