பதினொன்றேகால் மணிச் சிரிப்பு

நல்லசிவத்தின் இடது முன்கையில் சுபிக்ஷா கொட்டாவி விட்டாள்.

நடுக்கடலில், காற்றாலைக் கோபுரத்தின் மேடையில் உட்கார்ந்து அதைப் பார்த்த நல்லசிவத்துக்கும் கொட்டாவி வந்தது. மனைவி இருப்பது உடுமலைப்பேட்டையில். அவள் முகம் மட்டும் இங்கே அவன் கையில், மூக்குத்தியின் சிவப்புக் கல்லும் காதோர நரையும் அச்சு அசலாக.

உயிர்ப்பச்சை வந்த பிறகு, கையில் குத்திக்கொள்ளும் அசையாத பழைய பச்சையை யாரும் சீண்டுவதில்லை. காதுக்குப் பின்னால் எள்ளளவு முகமானியை ஒட்டிக்கொண்டால் போதும். முகத்தின் ஒவ்வொரு அசைவும் துணையின் கையிலிருக்கும் வண்ணத்துகள்களுக்குப் போய்விடும். இவர் சிரித்தால் அங்கே சிரிக்கும், முறைத்தால் முறைக்கும். ஆனால் ஊசியால் குத்திவிட்டால் துகள்கள் நரம்பைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. அதனால்தான் ஏழு நாள் ஒத்திகை என்று சட்டமே இருக்கிறது. அதுவும் ஜோடியாகத்தான்: அவன் கையில் அவள், அவள் கையில் அவன்.

"ஒட்டிப் பாருங்கண்ணா," என்றிருந்தாள் உடுமலைப்பேட்டைப் பச்சைக்கடை மெர்லின். "புடிச்சா ஏழாம் நாள் குத்திக்கலாம். புடிக்கலீன்னா கழுவி விட்டர்றேன்."

சுபிக்ஷாவுக்கு அரைமனதுதான். நல்லசிவம் ஒற்றைக்காலில் நின்று ஒத்துக்கொள்ள வைத்தான். மாதத்தில் இருபது நாள் கடலில் கிடக்கிறவனுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா, பாவம்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றேகாலுக்கு அவன் கையில் சுபிக்ஷா சிரித்தாள். சாதாரணச் சிரிப்பல்ல. கண்ணில் நீர் வர, மூக்கு விடைக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். நல்ல மனுஷன், முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான்காம் நாளும் அதே பதினொன்றேகால், அதே சிரிப்பு. உடனே போன் போட்டான்.

"என்ன புள்ள பண்ணீட்டு இருந்தே இப்ப?"

"ஒன்னுமில்லீங்க. சும்மாதான் இருக்கறேன்."

சும்மா இருக்கிறவளா இப்படிச் சிரிப்பாள்? ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காத்திருந்தான். டீ ஆறி ஆடை கட்டியது. அன்றைக்கு அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். நாம் வீட்டில் இருக்கும்போது வராத சிரிப்பு யாரைப் பார்த்து வருகிறது?

கூட வேலை பார்க்கும் தூத்துக்குடி ஃபெலிக்ஸ் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. அவனுடையது குத்திய பச்சை. பிரிந்துபோன மனைவி முகமானியைப் பிய்த்தெறிந்த நொடியில் எப்படி முறைத்தாளோ, அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, அத ரொம்ப உத்துப் பாக்காதீய," என்றான் ஃபெலிக்ஸ். "உத்துப் பாத்தா ஏதாவது தெரியத்தான் செய்யும்."

நல்லசிவம் மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் படகேறினான்.

வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பதனொன்னேகாலுக்கு இங்க யாரு வர்றா?"

சுபிக்ஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை நீட்டினாள். அதில் நல்லசிவம் கடுகடுவென்று முறைத்தான். தன் முகமும் ஒரு கையில் இருப்பதை அந்த ஆறு நாளும் அவன் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"நீங்கதான் வர்றீங்க. அது உங்க டீ நேரமாச்சே. உதட்டக் குமிச்சு, கண்ண மூடி, புருவத்தத் தூக்கி நீங்க டீ ஊதற அழகு இருக்குதே! வீட்ல நீங்க பேப்பருக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கறீங்க, நான் எங்க பாத்தேன்? அப்பறம் ரெண்டு நாளா டீய வுட்டுப்போட்டு கையவே மொறைக்கறீங்க. அது இன்னும் சிரிப்பாணி."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புடி மூஞ்சி வெப்பீங்களா?"

நல்லசிவத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, தலைகால் புரியாத சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கே குத்திக்கொள்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

ஏழாம் நாள் சுபிக்ஷாவை மெர்லின் கடையில் உட்கார வைத்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போனான். பதினொன்றேகால் ஆனது. டீயை வாங்கி, உதட்டைக் குவித்து, கண்ணை மூடி, புருவத்தை நன்றாகத் தூக்கி ஊதினான். ஆசையோடு கையைப் பார்த்தான்.

சுபிக்ஷா சிரித்தாள். வந்த விருந்தாளி சொன்ன பழைய நகைச்சுவைக்குச் சிரிக்கிற மரியாதைச் சிரிப்பு. அவன் மனசு நோகக்கூடாதே என்று சிரிக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் அவனுக்குப் பழக்கமான சிரிப்பும் இதேதான் என்பது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்னொரு முறை ஊதினான். மறுபடியும் அதே சிரிப்பு வந்தது.

மீதி டீயைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தான். மெர்லின் ஊசியோடு தயாராக இருந்தாள்.

"குத்திரலாமாண்ணா?"

"வேண்டாம்மா. கழுவி விட்ரு."

சுபிக்ஷா தன் கையை முன்னால் வைத்தாள். மெர்லின் அவள் கையை முதலில் துடைத்தாள், பிறகு அவன் கையில் மருந்தை ஊற்றினாள். நல்லசிவம் குனிந்து, தன்னையறியாமல் உதட்டைக் குவித்துப் புருவத்தைத் தூக்கி, அவள் முகம் கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நரை கரைந்தது. மூக்குத்திக் கல் கரைந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் காதுக்குப் பின்னால் முகமானி இன்னும் ஒட்டியிருந்தது.

கரைந்துகொண்டிருந்த முகம் திடீரென்று சிரித்தது. கண்ணில் நீர் வர, மூக்கு விடைக்க, பல்லெல்லாம் தெரிய. அதே சிரிப்பு! அது முழுதாகக் கரையும்வரை நல்லசிவம் கண்ணிமைக்காமல் பார்த்தான். பிறகுதான், எதற்காகச் சிரித்திருப்பாள் என்று நிமிர்ந்து அவளைப் பார்க்கத் தோன்றியது.

அதற்குள் அவள் சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள?"

"ஒன்னுமில்லீங்க," என்றாள் சுபிக்ஷா.