ஒத்திகைக்குப் படுத்தவன்

குப்பைத் தொட்டி சாலையோரத்தில் நின்றது. ராய்ஸ் டில்மன் அதை அங்கே வைக்கவில்லை. மனைவி லோரீன் நான்கு நாளாகத் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்தான்.

“தொட்டிய யாரு வெளிய இழுத்தா?”

“நான்தான், இங்கேருந்தே கைய நீட்டி இழுத்தேன். பதினெட்டு வருஷமா அதத் தொடாதவனுக்கு இன்னிக்கு என்ன திடீர் அக்கறை?”

“வெளையாடாத, லோரீன்.”

“பக்கத்து வீட்டு வெர்னன் வச்சிருப்பாரு. இடுப்பு ஒடிஞ்ச கிழவனா இருந்தாலும் உன்ன மாதிரி சோம்பேறி இல்ல.” போனை வைத்துவிட்டாள்.

மாநிலம் கடைசியாக விஷ ஊசி போட்டுக் கொன்ற கைதி ஹார்லன் பீவி. அவன் செத்த ஏழாம் மாதம் மரண தண்டனையையே ஒழித்துவிட்டார்கள். ஆளுநர் ஒன்பது பேனாக்களால் கையெழுத்துப் போட்டு, சுற்றி நின்று பல்லிளித்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இன்னும் ஏழு மாதம் இழுத்தடித்திருந்தால் பீவி பிழைத்திருப்பான். ராய்ஸுக்கு அதில் வருத்தமில்லை. பெட்ரோல் பங்கில் இரண்டு பெண்களைச் சுட்டுவிட்டு, அங்கேயே நின்று சாண்ட்விச் தின்றவன் அவன்.

பீவியின் உயரமும் எடையும் சிறைக் காவலன் ராய்ஸுக்கு அப்படியே இருந்தன. அதனால் ஒத்திகைக்கு அவனைத்தான் மேஜையில் படுக்க வைத்தார்கள். ஐந்து காவலர்கள், ஐந்து தோல்வார்கள். கைகளுக்கு, கால்களுக்கு, மார்புக்கு. கட்டி முடித்ததும் கண்காணிப்பாளர் அட்டையைப் பார்த்துப் படிப்பார்: “கடைசியா ஏதாவது சொல்லணுமா?” படுத்திருப்பவன் பேசி முடித்த பிறகே அட்டையை மடித்து ஊசிக்குச் சைகை தர வேண்டும். அது விதி. ராய்ஸ் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வான்: “நாளைக்குக் குப்பை வண்டி வரும், லோரீன்கிட்ட தொட்டிய வெளிய வைக்கச் சொல்லுங்க.” அறையே சிரிக்கும்.

நிஜமான நாளில், மாலை ஆறு மணிக்கு, வேறு கட்டடத்திலிருந்து அன்றுதான் கொண்டுவரப்பட்ட பீவி, சுவரோரம் நின்ற ராய்ஸின் பக்கம் தலையைத் திருப்பி, ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னான். அவனுக்கு மனைவியே கிடையாது. தண்டனையை எதிர்த்துச் சிறை வாசலில் மெழுகுவத்தி பிடித்து நின்ற கூட்டம் மறுநாள் அந்த வரியைப் பலகையில் எழுதிக்கொண்டு அழுதது. மடையர்கள். கூட இருந்த ஐவரில் எவனோ உளறியிருக்கிறான் என்று ஏழு மாதமாக ராய்ஸ் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

தொட்டியைத் திரும்ப உள்ளே இழுத்தான். காலியாக இருந்தும் ஓர் ஆளைப் போலக் கனத்தது. சரளைக் கல்லில் அதன் சக்கரங்கள் நறநறத்த சத்தம் அவன் நின்ற பிறகும் ஒரு நொடி நீடித்தது. கதவைத் திறந்ததும், சோள வயலிலிருந்து வந்த தூசி வாடையை மீறி, வார்களுக்குப் பூசும் எண்ணெயின் வாடை வீட்டுக்குள்ளிருந்து முகத்தில் மோதியது.

படுக்கையறையில் போர்வை இல்லை. ஒரே தலையணை. வெள்ளை விரிப்பு சுருக்கமின்றி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. லோரீன் ஒருநாளும் அப்படி விரித்ததில்லை.

மணி ஐந்து ஐம்பத்தைந்து.

பூட்ஸைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தான். உட்காராமல் ஓடியிருக்க வேண்டும்.

இடது கால் அசையவில்லை. ஒத்திகையிலும் இடது காலில்தான் தொடங்குவார்கள்.

வலது கால்.

முதுகு தானாகச் சாய்ந்தது. கைகள். மார்பு. அறையில் யாருமில்லை. கொக்கிகள் மாட்டும் சத்தம் மட்டும். ஐந்து.

தலைமாட்டில் அட்டை ஒன்று சரசரத்தது.

“கடைசியா ஏதாவது சொல்லணுமா?”

பேச வேண்டும். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு முடியும்வரை சைகை கிடையாது. ராய்ஸ் வாயைத் திறந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு வரி. அதை இன்னொருவன் சொல்லி முடித்துவிட்டான். நாக்கு புரண்டது. காற்று மட்டும் வந்தது.

வெளியே சக்கரங்கள் நறநறத்தன.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. ஜன்னலுக்கு அப்பால், ராய்ஸின் காவலர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் தொட்டியைச் சாலைக்கு இழுத்துப் போனான். அதே உயரம். அதே எடை.

“என்னப்பா ராய்ஸ்,” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெர்னனின் குரல். “ஒருவழியா நீயே இழுக்க ஆரம்பிச்சிட்டியா?”

“லோரீன் நாளைக்கு வர்றாளே,” என்றான் தொட்டியை இழுத்தவன், சிரித்துக்கொண்டே. “திட்டியே கொன்னுடுவா.”

தலைமாட்டில் அட்டையை மடிக்கும் சத்தம் கேட்டது.