ஒரு சுற்று முன்னால்

"மூன்றாம் தளம்" என்று அவள் சொல்வதற்கு முன்பே ஹெட்போனில் அவள் குரல் அதைச் சொல்லிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒத்திகை பார்ப்பதுபோல அவ்வளவு மெல்லிய குரல். அவள் திகைத்து, பிறகு தாளைப் பார்த்து "மூன்றாம் தளம்" என்றாள்.

லிஃப்டுகளுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேர் தினமும் அவள் பேச்சைக் கேட்டுத்தான் ஏறி இறங்குகிறார்கள். வீட்டில் கேட்க ஈ காக்கை இல்லை. கணவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை அணைத்து, பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவரெங்கும் சாத்தி, அவற்றின் புழுதி வாசனையும் தன் வியர்வை வாசனையும் கலந்த அந்தச் சின்ன அறைக்குள், சமையலறை ஃப்ரிட்ஜ் முனகி ஓயும்வரை காத்திருந்து, அவளே பதிவு செய்து அவளே வெட்டி அனுப்புகிறாள்.

அந்த முன்குரல் அவளுக்குப் புதிதில்லை. கணவர் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் டேப் எடிட்டராக இருந்தவர். சுற்றி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் சத்தம் பக்கத்துச் சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டினால் பேச்சுக்கு முன்னால் அதே பேச்சு மங்கலாகக் கேட்கும்.

"வெளிச் சுத்து பெருசு, ரெண்டு பேச்சுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. உள்ள போகப் போகக் குறையும். அதை வச்சே ரீல் எவ்வளவு மிச்சம்னு கண்ண மூடிட்டுச் சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொள்வார். சொல்லவும் செய்வார். பிளேடை எடுத்து, வாசிக்கும்போது அவள் இழுத்த மூச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கி எறிவார். ஒட்டு எங்கே என்று அவளுக்கே தெரியாது.

"இனிமே உங்க கைவேலையெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்று அவள் சீண்டுவாள்.

"அது திரையில ஓடுற கோட்டைப் பாத்து வெட்டும்மா. நான் காதால வெட்டுறேன்."

அவள் பதிவில் இருக்கும்போது அறைக்குள் வரவேண்டுமென்றால் வெளியே நின்று இரண்டு முறை கனைப்பார், அவள் பதறிவிடக் கூடாதென்று. "உள்ள வாங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் கதவைத் தள்ளுவார்.

ஆனால் கம்ப்யூட்டரில் டேப் ஏது? ஒயரை மாற்றினாள். மைக்கை மாற்றினாள். குரல் முந்திக்கொண்டேதான் வந்தது. தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆயிடுச்சு. பேசாம இங்க வந்துடு."

"இந்த வாரம் வேலை தலைக்கு மேல இருக்குடி."

வேலை ஒரு சாக்கு. முதல் நாள் பயந்தாள். இரண்டாம் நாள், தன் குரல்தான் என்றாலும், அறையில் இன்னொன்று பேசுவது ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், ஆனால் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வாரத்துப் பதிவுகளைத் திரையில் விரித்து அளந்து பார்த்தாள். திங்கட்கிழமை, மங்கல் குரலுக்கும் அவள் குரலுக்கும் நடுவே நான்கு விநாடி. புதன்கிழமை மூன்று. இன்று காலை ஒன்றரை.

இடைவெளி குறைந்தால் ரீல் முடியப்போகிறது. எந்த ரீல்?

பையை எடுத்து நான்கு புடவைகளைத் திணித்தாள். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் தங்கை வீடு. இனி இந்த அறையில் ஒரு ராத்திரிகூட வேண்டாம். அனுப்ப வேண்டிய வரி ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது: 'கதவு மூடுகிறது.' அரை நிமிட வேலை.

மைக் முன் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டாள். ஃப்ரிட்ஜ் ஓய்ந்தது. தெருவும் ஓய்ந்தது. ஹெட்போனில் அவள் குரல் மெல்ல எழுந்தது.

"உள்ள வாங்க."

அது தாளில் இல்லை.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சொல்ல மாட்டேன். நான் சொன்னால்தானே.

கதவுக்கு வெளியே ஒரு கனைப்பு.

இன்னொன்று.

பதினான்கு மாதம். ஒரு வேளை சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத பதினான்கு மாதம். கை தானாகக் கீழே இறங்கியது.

"உள்ள வாங்க" என்றாள்.

அடுத்து தான் என்ன சொல்லப் போகிறாள் என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். ஒன்றும் வரவில்லை. பேச்சில்லை. அழுகையில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்காக அவள் இழுக்கும் மூச்சுகூட இல்லை.

அங்கேதான் அவர் எப்போதும் வெட்டுவார்.

மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

கதவு உள்பக்கமாக நகர்ந்தது. திரையில் பச்சைக் கோடு அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனில், தீர்ந்துபோன டேப்பின் நுனி, சுழலும் ரீலில் பட், பட், பட் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்த ஆளில்லை.