மேகநல்லூர் சாய்ந்த முற்பகல்

மேகநல்லூர் கவிழ மூன்று மணிநேரம் ஆனதாக எனக்கு நினைவு. கடிகாரங்கள் நாற்பது நிமிடம் என்கின்றன. நான் சொல்வதை அந்த அளவுக்கே நம்புங்கள்.

வெள்ளிக் கோளின் மேகங்களுக்கு மேல், மிதவைப்பைகளில் தொங்கிய தட்டையான நகரம் அது. நாற்பதாயிரம் பேர். கிழக்கே ஒரு கல்யாணத்துக்கு இருநூறு பேர் போனால், அதே எடைக்கு அங்கிருந்து ஆட்கள் மேற்கே வரவேண்டும். எதிரெடையார் என்று அவர்களுக்குப் பெயர். முன்பின் தெரியாத வீட்டில் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, கல்யாணம் முடிந்ததும் திரும்பிப் போவார்கள். யாருக்கும் அது விநோதமாகப் பட்டதில்லை. நகரம் ஒன்பது பாகைக்கு மேல் சாய்ந்தால் பைகள் வலையிலிருந்து நழுவிவிடும். கீழே ஈயம் உருகும் வெப்பம்.

சாய்வைக் கண்காணிக்கும் நிகர்நிலையத்துக்கு அங்கயற்கண்ணி அக்கா தலைவர். நான் அவருக்கு அடுத்தவன். அன்று கிழக்கு விளிம்பில் சாண் நீளத்துக்கு ஒரு விரிசல். ஒட்டுவதற்கு இரண்டு பேர் போயிருந்தார்கள். அக்கா ஒலிபெருக்கியில் சொன்னார்: “கிழக்கு விளிம்பில் விரிசல். யாரும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.”

சாய்வுமானியின் முள் உடனே கிழக்கே அசைந்தது. ஒரு பாகை. இரண்டு.

“எதுக்குப் போறாங்க?” என்றார் அக்கா.

“விரிசலைப் பாக்கத்தான்.”

“அதுல பாக்க என்ன இருக்கு?”

“அது தெரியாமத்தானே போறாங்க.”

திரும்பிப் போகச் சொன்னார். ஏன் திரும்பச் சொல்கிறார்கள் என்று பார்க்க இன்னும் ஐயாயிரம் பேர் வந்தார்கள். தெருவில் பாத்திரங்கள் தாமாக உருண்டன. அவற்றைச் சுற்றியும் ஒரு கூட்டம். ஆறு பாகை. அக்கா தன் கணவரை அழைத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“கிழக்கதான். செம கூட்டம், ஒண்ணுமே தெரியல. நீயும் வாயேன்.”

“என்னங்க, ஊரு கவிழப் போகுது. கிளம்புங்க.”

“இங்கயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. இரு, பாத்துட்டு வந்துர்றேன்.”

ஒன்பது. முதல் பை நழுவிய ஓசை கேட்டது. இனி யார் எங்கே நின்றாலும் ஊர் இறங்கத்தான் போகிறது. நகரின் நடுவே எல்லோருக்கும் போதுமான பறக்கும் படகுகள் இருந்தன. உடனே ஏறும்படி அக்கா மூன்று முறை அறிவித்தார். பதினேழு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் கழன்று போகும் பைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஒலிவாங்கியை மறுபடி அருகே இழுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “படகுத்துறை மூடப்படுகிறது. அங்கே யாரும் வரக்கூடாது. படகுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.”

தரை அதிர்ந்தது. சரிந்த தெருக்களில் கம்பங்களைப் பிடித்துப் பிடித்து ஏறி, ஊரே ஓடிவந்தது. “கொஞ்சம் தள்ளுங்க சார், உள்ள என்னமோ இருக்காம்,” என்று முண்டியடித்துக்கொண்டு புகுந்தார்கள். நானும் துறைக்கு ஓடி, படகுகள் நிரம்ப நிரம்பக் கதவுகளைப் பூட்டினேன். ஒருவர்கூட மிச்சமில்லை.

மேகநல்லூர் மஞ்சள் மேகத்துக்குள் போயிற்று. நாங்கள் அத்தனை பேரும் பிழைத்துப் பூமியில் குடியேறினோம். பொய் அறிவிப்புத் தந்ததற்காக அங்கயற்கண்ணிக்கு ஓராண்டுச் சிறை. விசாரணை நாளில் சாட்சியாக வந்தவன் நான் ஒருவன்தான். மற்ற நாற்பதாயிரம் பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவருடைய கணவர் விடிவதற்கு முன்பே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.