குனிந்தால் வேகம், நிமிர்ந்தால் நிதானம்

முக்கூடலுக்குக் குடிவந்ததிலிருந்து, மாலையில் சுப்ரஜாவுக்குத் துணை ஒரு சின்னப் பெட்டிதான்.

ஆற்றங்கரை மருதமரத்தடியில் கிடந்து எடுத்தது. தீப்பெட்டியைவிடச் சிறியது. வால் போல ஒரு கம்பி, தேய்ந்து அறுந்த வார். அருகில் வைத்தால் வீட்டு ரேடியோ 'டிக், டிக்' என்றது.

"பறவ முதுகுல கட்டி விடுதாங்களாம். எங்க போகுதுன்னு தூரத்துல இருந்தே கேப்பாங்களாம். பேப்பர்ல போட்டிருந்தான்," என்றாள் அம்மா, விடைத்தாளிலிருந்து நிமிராமல்.

ஜன்னலில் எதிர்வீட்டுப் பையன் ஐயம்பெருமாளின் தலை தெரிந்தது.

"ஏட்டி, ரேடியோக்குள்ள பல்லியா?"

"உள்ள வந்து கேளேன்."

"எங்களுக்கு ஆட்டம் இருக்கு."

அந்த ஆட்டத்தில் அவளைச் சேர்ப்பதில்லை.

கீறல் விட்டிருந்த மூடியை ஊக்கால் பைய நெம்பினாள். உள்ளே ஒரு பட்டன் பேட்டரி, எள்ளளவு உதிரிகள், ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பாதரசத் துளி உருண்டது. பெட்டியைக் குனித்தால் டிக்டிக் வேகமாக வந்தது, நிமிர்த்தினால் மெதுவாக. தற்செயலோ என்று மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தாள். மாறவே இல்லை.

பறவை இரை பொறுக்கக் குனிவதும் நிமிர்வதும் கேட்பவருக்கு இப்படித்தான் தெரியும்.

அவளுக்குத் திக்கென்றது. பெட்டி இத்தனை நாளும் மேசையில் அசையாமல் அல்லவா கிடந்தது?

"அம்மா, பறவ செத்துப்போச்சின்னு நெனச்சிருப்பாங்க. வார்தான் அறுந்திருக்கு. ஒரு இறகுகூட ஒட்டல."

"சொல்லணும்னா அட்ரஸ் வேணுமே."

அட்ரஸ் இல்லை. பெட்டிதான் இருந்தது.

மூடியை ஒட்டி, மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாள். மூன்று எண்ணும்வரை குனித்தாள். மூன்று எண்ணும்வரை நிமிர்த்தினாள். எந்தப் பறவையும் இப்படிக் கணக்காகக் குனியாது. மனிதக் கை என்று தெரியட்டும்.

"யார்ட்ட பேசுத?" தெருவிலிருந்து ஐயம்பெருமாள் கேட்டான்.

"தெரியல."

"பைத்தியம்."

தினமும் ஆட்டினாள். யாரும் வரவில்லை. கேட்பதற்கு ஆளே இல்லையோ என்றுகூடத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை, மீன்முள் போன்ற ஆன்டெனாவை ஏந்தி ஓர் அக்கா தெருவுக்குள் வந்தாள். மாடியையே பார்த்தாள். சுப்ரஜா பெட்டியோடு படியிறங்கி ஓடினாள்.

"பறவ எங்கம்மா?"

"பறந்து போயிருச்சிக்கா. வார் பாருங்க."

அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப்போச்சின்னே நெனச்சிட்டேன். திடீர்னு கணக்கா ஆடவும், ஆத்துக்கு அந்தக் கரை பூராவும் தேடினேன்."

"நான் ஆட்டுனது கேட்டுதா?"

"தெனமும் கேட்டுது. செவ்வாய்க்கிழமை மட்டும் காணலியே, என்னாச்சி?"

"காய்ச்சல்க்கா," என்றாள் சுப்ரஜா. அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.