கடற்சுவரில் ரொட்டிகள்

"ஐயோ... தள்ளுங்க, தள்ளுங்க! பிரேக் பிடிக்கல!"

கத்தி முடிப்பதற்குள் இனாஸ் மோதிவிட்டாள்.

எதிரே வந்தவன், அந்த வட்டாரத்துக்கெல்லாம் ரொட்டி போடும் மெத்ஹத். ஒரு கை சைக்கிளில், மறு கை தலைமேலிருந்த பலகைத் தட்டில். தட்டு சரிந்தது. அலெக்சாந்திரியாவின் கடற்கரைச் சாலையெங்கும் சூடான ரொட்டிகள் உருண்டன. தூறல் வேறு...

பெண்களின் வெள்ளிக்கிழமை சைக்கிள் சவாரி மொத்தமாக நின்றது. யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பது அவர்கள் வழக்கம். எல்லோரும் இறங்கி ரொட்டிகளைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றையும் முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, கடற்சுவரின் மேல் வைத்தார்கள். மிதிபட்டால் பாவம்.

கடைசி ரொட்டியில் இரண்டு கைகள் பட்டன. இனாஸ் நிமிர்ந்தாள். நனைந்த இமைகள்... தேன் நிறக் கண்கள்...

"முத்தம் யாரு குடுக்கறது? நீங்களா, நானா?" என்றான்.

"ரொட்டிக்குத்தானே? நீங்களே குடுங்க."

அதற்குள் சவாரியை நடத்தும் மாஜிதா அக்காவின் விசில். "போதும்டி, வரிசைக்கு வா!"

அதன்பின் வெள்ளிதோறும் அவன் எதிரே வந்தான். "பிரேக் பாத்தீங்களா?" என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக இனாஸ் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

ஒருநாள் தோழி கேட்டாள். "யாருடி அவன், உன்னையே பாக்கறான்?"

"சீ... ரொட்டிக்காரன்டி. அவனைப் போய்..."

அவன் பின்னாலேயே நின்றிருந்தான்.

அடுத்த வெள்ளி அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும்...

அதற்குள் இனாஸின் வலது கையில் மோதிரம் ஏறிவிட்டது. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. நாளை நிக்காஹ் முடிந்ததும் மோதிரம் இடது கைக்கு மாறும். "சைக்கிளெல்லாம் இனிமே வேணாம்" என்று மாப்பிள்ளை போனிலேயே சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

இன்று கடைசிச் சவாரி. மழை கொட்டியது. அதே இடத்தில் இனாஸ் இறங்கிவிட்டாள்.

"நீங்க போங்க அக்கா..."

"விட்டுட்டுப் போறதில்லடி." மாஜிதா அக்கா எல்லோரையும் தள்ளி நிறுத்தி, கடல் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

அவன் வந்தான். தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள்.

"உள்தெருவுல முழங்கால் தண்ணி. அதான் இந்தப் பக்கம்..." என்றான், முகம் பார்க்காமல்.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"நிஜந்தானே? ரொட்டிக்காரன்தான் நான்." பார்வை அவள் விரலில் வந்து நின்றது. "எப்போ?"

"நாளைக்கு."

அலையொன்று சுவரில் மோதி உடைந்தது.

அவன் தாளுக்கடியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தான். முத்தமிட்டு நீட்டினான். "நீங்களே குடுங்கன்னீங்க. அன்னிக்கு நேரமில்லாம போச்சு..."

அவள் வாங்கி நெற்றியில் ஒற்றினாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. உங்களைப் பாத்துட்டு... பிடிக்க மறந்துட்டேன்."

"தெரியும்," என்றான் மெத்ஹத். "நான் மட்டும் என்ன... தட்டைப் பிடிச்சேனா?"

மாஜிதா அக்கா விசில் ஊதவே இல்லை. இனாஸ்தான் சைக்கிளில் ஏறினாள். மழைக்கோட்டுக்குள் செருகிய ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.